மணலை மாற்றாதே, பிள்ளை

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின படங்களைப் பெரிசாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மீன்தொட்டிக்குள் நட்ட கன்றெல்லாம் கரைந்துபோச்சு, மணலில் ஒன்றும் வளராதாம், எல்லாத்தையும் அள்ளிக் கொட்டிவிட்டு அந்த விலை கூடின கறுப்பு மண்ணை வாங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். காசு உன்னுடையது. ஆனால் பிழை மணலில் இல்லை.

முதல் அந்தக் கிரிப்டோகொரைன் என்கிற நீர்க்கன்று. இலை கண்ணாடி மாதிரி வெளிறி, ஓட்டை விழுந்து, காம்போடு சளியாகக் கிடக்குது. அது செத்த கன்று இல்லை. பண்ணைகளில் பெரும்பாலும் வேரை ஈரத்தில் விட்டு இலையைக் காற்றில்தான் வளர்க்கிறார்கள். பின்வளவுச் சீமெந்துத் தொட்டியில் நானும் அப்படித்தானே செய்கிறேன். கெதியாய்ப் பெருகும், பாசி பிடிக்காது. காற்றில் வந்த இலை தண்ணீருக்குள் நிலைக்காது. தண்ணீர் மாறினாலும் வெளிச்சம் மாறினாலும்கூட இந்தச் சாதி இலையைக் கொட்டும். அழுகினதை அடியோடு கத்தரித்து எடு, வேரைத் தொடாதே. சில கிழமையில் நடுவிலிருந்து மண்ணிறக் குருத்து சுருண்டபடி எழும்பும். வேர் பிடித்ததா என்று நீ இழுத்துப் பார்த்திருப்பாய். கச்சான் போட்ட பாத்தியைத் தோண்டித் தோண்டிப் பார்த்த ஆள்தானே.

உன்னிடம் இருப்பது வென்டி இனம் போலக் கிடக்குது. இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாதது; 1958இல் டி விட் என்ற ஒல்லாந்துக்காரர் அதற்குப் பெயர் வைத்தார். நிழலோடைகளில் வளர்வது. அதனால் லைற்றைப் பத்து மணித்தியாலம் எரிய விடாதே, ஆறு ஏழு காணும். மணலுக்கு மேலே படிகிற மண்ணிறத் தூசி புதுத் தொட்டிக்கு வழமை. துடைத்துவிடு, நாளடைவில் போகும்.

மணல் என்பது வெறும் கல்துகள். களிமண் உரத்தைப் பிடித்து வைத்திருக்கும், மணலுக்கு அந்தப் பிடி கிடையாது. மணல் தோட்டத்தில் அப்பா மிளகாய்க்கு உரத்தைப் பலதரமாகப் பிரித்துப் போடுவதும் அதனால்தான். உந்தத் தொட்டியில் வேருக்குச் சாப்பாட்டை நீதான் கீழே கொண்டுபோய் வைக்க வேணும். வேருக்கு வைக்கிற உரக் குளிசை மீன் கடையில் விற்கும். கிரிப்டோ, வலிஸ்நேரியா, அமேசன் சுவோர்ட் எல்லாம் வேரால் சாப்பிடுகிறவை. நாலைந்து அங்குலத்துக்கு ஒன்றாகச் சாவணத்தால் பிடித்து மணலின் அடிவரைக்கும் தாழ்த்து. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் புதுசு வை. நான் இங்கே களிமண் உருண்டைக்குள் உரத்தை வைத்துக் காயவிட்டு ஊன்றுகிறேன். அங்கே நீ அப்படிச் செய்யப் போனால் யூரியா மட்டும் கலக்காதே. அது கசிந்து அமோனியாவாகும், லண்டன் தண்ணீர் மாதிரிக் காரத்தன்மை கூடின தண்ணீரில் அமோனியா மீனுக்கு இன்னும் பெரிய நஞ்சு.

அனுபியாசையும் ஜாவா பேர்னையும் மணலுக்குள் புதைத்திருக்கிறாய். படத்தில் கண்டவுடன் எனக்குக் கை துடித்தது! அந்தத் தடித்த தண்டு வெளியே இருக்க வேணும், மூடினால் அழுகும். நூலால் ஒரு கல்லிலோ கட்டையிலோ கட்டிவிடு.

கண்ணாடியோரம் கறுத்திருக்கிற பட்டைக்கு வருகிறேன், நீ பயந்ததே அதற்குத்தானே. காற்றுப் போகாத மணலில் இரும்பும் கந்தகமும் சேர்ந்தால் கறுக்கும், கிளறினால் கூழ்முட்டை மணக்கும். தண்ணீர் நின்று வைக்கோல் அழுகின வயலிலும் அதே மணம்தான். நல்ல நெற்பயிர் ஒன்றைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தால் வேரில் துரு மாதிரிச் செம்பூச்சு இருக்கும். இலை எடுக்கிற காற்றை வேர் கீழே கொண்டுபோய் விடுகிறது, சுற்றியிருக்கிற இரும்பு துருப்பிடித்து வேரில் ஒட்டுகிறது. கெட்ட வேர் கறுத்து, கையிலே நாறும். தண்ணீர்க் கன்றும் தன் வேரால் அந்த வேலையைத்தான் செய்கிறது. மணலுக்குள் நிறைய வேர் ஓடினால் கறுப்புக் குறையும். அதுவரைக்கும் அந்த இடத்தை மெல்லிய குச்சியால் நாளுக்குக் கொஞ்சமாகக் குத்திவிடு. முழுக்க ஒரே நாளில் கிளறினால் மீனுக்குக் கூடாது. குளத்துச் சேற்றில் கிடக்குமே, ஊசி முனை மாதிரி நீளச் சுருள் ஓட்டு நத்தை, அது நாலைந்து விட்டால் மணலுக்குள்ளேயே திரிந்து கிளறிக்கொடுக்கும். நீ மணலை அளவுக்கு மிஞ்சிக் குவித்தும் இருக்கிறாய். முன்னுக்கு இரண்டு அங்குலம், பின்னுக்கு மூன்று போதும்.

மணல் எந்த மாதிரி என்று தெரியாவிட்டால் ஒரு பிடி எடுத்து வினாகிரி விட்டுப் பார். நுரைத்தால் சிப்பித்தூள் கலந்தது, தண்ணீரை இன்னும் கடினமாக்கும். முல்லைத்தீவுக் கடற்கரை மணலை நான் தொடாததும் அதற்காகத்தான். கனகராயன் ஆற்று மணலை அரித்து, வாளித் தண்ணீர் தெளியுமட்டும் கழுவித்தான் போடுகிறேன். இப்போது அதையும் டிப்பர் டிப்பராக ஏற்றுகிறார்கள், அதைக் கதைக்கத் தொடங்கினால் கடிதம் முடியாது. உன் கேத்திலில் சுண்ணாம்பு படிகிற தண்ணீர் வலிஸ்நேரியாவுக்கு நல்லாய்ப் பிடிக்கும், யோசிக்காதே. ஆனால் குளோரின் போகட்டும் என்று இரவு முழுக்க வாளியில் வைப்பது அங்கே சரிவராது. குளோரினோடு அமோனியா சேர்ந்த குளோரமீன் கலக்கிற இடங்களில் அது ஓரிரவில் தானாகப் போகாது, அதை நீக்கிற மருந்து விட வேணும்.

அந்த அலை விளிம்பு இலைக் கிழங்கு, அப்போனோகெட்டன், நம்முடைய கொட்டிக்குச் சொந்தம். குளம் வற்றினால் கொட்டி சேற்றுக்குள் கிழங்காகக் கிடந்து மாரிக்குத் திரும்ப இலை விடுகிறதில்லையா? உன்னுடையதும் சிலவேளை இலையை உதிர்த்துவிட்டு ஓய்வெடுக்கும். குப்பையில் எறிந்துவிடாதே. கிழங்கின் தலை மணலுக்கு மேலே தெரியட்டும்.

வலிஸ்நேரியா கொடி ஓடத் தொடங்கினால் வெட்டி எடுக்கவே உனக்கு நேரம் காணாது. வெட்டினதை அங்கத்தைய ஆற்றிலோ குளத்திலோ போடாதே, குப்பையில் போடு. 1939இல் இலங்கைக்குக் கொண்டுவந்த சல்வீனியா என்ற மிதக்கிற பூண்டு குளங்களையும் வாய்க்கால்களையும் மூடினதை அப்பாவிடம் கேள், ஒரு மணித்தியாலம் சொல்லுவார். உங்கள் நாட்டிலும் 2014இல் ஐந்து நீர்த்தாவரங்களை விற்கக் கூடாது என்று தடுத்தவர்கள்.

அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. உரக் குளிசை வைத்த பிறகு கிரிப்டோவின் அடியைக் கிட்ட வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. மீனை எடுக்காதே, கன்றை எடு.

அம்மா