தேதியை எந்தப் பக்கம் தள்ளினார்கள்?

பாளையங்கோட்டை

அன்புள்ள சங்கரா,

தாத்தா ஆகிவிட்டேன். லீட்ஸில் மகளுக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோ சொச்சம், தலை நிறைய முடி, மூக்கு மட்டும் எங்கள் வம்சத்து மூக்கு. அதற்கு யார் என்ன செய்ய முடியும்? போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பிறந்த கதையைப் போனில் ஆரம்பித்தால், பாதியிலேயே "கட்சிக்காரர் வந்துட்டார்" என்று வைத்துவிடுவாய். அதனால் கடிதம். பொறுமையாகப் படி, ஃபீஸ் கேட்காதே.

சிசேரியன் என்று முன்பே முடிவாகி, வியாழக்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள். திங்களன்று ஆஸ்பத்திரியிலிருந்து மாப்பிள்ளைக்கு ஒரு குறுஞ்செய்தி. தேதி ஒரு நாள் 'மூவ்டு ஃபார்வர்ட்'. மாப்பிள்ளை கணினிக்காரர், கணக்கு தெளிவாகத்தான் போட்டார்: ஃபார்வர்ட் என்றால் முன்னோக்கி, வியாழனிலிருந்து முன்னோக்கி ஒரு நாள் போனால் வெள்ளி. உடனே இங்கே கூப்பிட்டு, "அத்தை, தேதியைத் தள்ளிட்டாங்க" என்றார். தேதியைத் தள்ளினால் நம்மூரில் அது ஒரே பக்கம்தானே போகும்! உன் தங்கச்சிக்குப் பரம சந்தோஷம். வெள்ளிக்கிழமை, மகாலட்சுமியே வந்து பிறக்கப் போகிறாள்.

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு அங்கே ஆஸ்பத்திரியிலிருந்து போன். எங்கே இருக்கிறீர்கள், இன்னுமா கிளம்பவில்லை? மகள் அப்போதுதான் மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டுத் தட்டில் மிச்சமிருந்த சட்னியை வழித்துக்கொண்டிருந்திருக்கிறாள். சாப்பிட்டு ஆறு மணி நேரமாவது ஆக வேண்டும், அதற்கு முன் மயக்க ஊசி போட மாட்டோம் என்றுவிட்டார்கள். முன்னுக்கு வந்த ஆபரேஷன் இட்லியால் பிற்பகலுக்குப் போனது. உங்கள் கோர்ட் பாஷையில் 'பாஸ் ஓவர்'.

இப்போது சிரிக்கிறோம். ஆனால் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால்தான் தேதியை மாற்றினார்களாம். அந்த ஒரு போன் வராமல், இவர்கள் பாட்டுக்கு வெள்ளி வரை வீட்டில் உட்கார்ந்திருந்தால்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து அகராதியைப் புரட்டினேன். செய்தித்தாளில் காலமெல்லாம் 'ஒத்திவைப்பு' என்று தலைப்பு போட்டவனுக்கு வேறென்ன தெரியும்?

விஷயம் என்னவென்றால், பின்னால் போவதற்கு ஆங்கிலத்தில் வினைச்சொல் கொட்டிக் கிடக்கிறது. முடிவெடுத்துத் தள்ளினால் போஸ்ட்போன். பணம் கட்டுவதையோ முடிவெடுப்பதையோ தள்ளினால் டிஃபர். தொடங்கிய சபையையோ வழக்கையோ பாதியில் நிறுத்தினால் அட்ஜர்ன். உன் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. யாரும் முடிவெடுக்காமல் ரயில் தானாகத் தாமதமானால் அது டிலே, போஸ்ட்போன் ஆகாது. பேச்சுவழக்குக்குப் புட் ஆஃப். முன்னால் கொண்டுவருவதற்கோ, போஸ்ட்போனுக்கு நேர் எதிராக நிற்கும் ஒற்றைச் சொல்லை வெள்ளைக்காரன் வைத்துக்கொள்ளவில்லை. அட்வான்ஸ் இருக்கிறது, ஆனால் அதற்கு வேறு ஆயிரம் வேலை. அமெரிக்காவில் மூவ் அப். இங்கிலாந்தில் பிரிங் ஃபார்வர்ட். இதில் 'பிரிங்' இருப்பதால் குழப்பம் குறைவு, தேதி நம்மை நோக்கி வருவது தெரிகிறது. அதே இடத்தில் 'மூவ்' போட்டால் தீர்ந்தது கதை.

குழப்பம் நம் மாப்பிள்ளைக்கு மட்டும்தான் என்று நினைக்காதே. தாய்மொழியே ஆங்கிலமானவர்களுக்கும் இதே பாடுதான். 'அடுத்த புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் மூவ்டு ஃபார்வர்ட், கூட்டம் என்றைக்கு?' என்று உளவியல்காரர்கள் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பகுதியினர் திங்கள் என்கிறார்கள், மறு பகுதியினர் வெள்ளி. 2002இல் போரோடிட்ஸ்கி, ராம்ஸ்கர் என்ற இருவர் இதை விமான நிலையத்துக்கே கொண்டுபோனார்கள். யாரையோ அழைத்துப்போக வந்து காத்திருப்பவர்களைவிட, பறக்கப் போகிறவர்களும் இறங்கி வந்தவர்களும் அதிகமாக வெள்ளி என்றார்கள். சாப்பாட்டு வரிசையில் கேட்டாலும் அப்படித்தான், முன்னால் நகர்ந்து வந்தவர்களிடம் வெள்ளி அதிகம். நாம் காலத்துக்குள் நடந்து போகிறோம் என்று மனசு நினைத்தால் முன்னால் என்பது வெள்ளி. நாம் உட்கார்ந்திருக்க, காலம் நம்மை நோக்கி வருகிறது என்று நினைத்தால் திங்கள். பிரசவ நேரத்தில் மாப்பிள்ளை பறந்துகொண்டுதான் இருந்திருப்பார், பாவம்.

இன்னொன்று கேள். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் 'ஃபார்வர்ட்' வைப்பார்கள். ஒரு மணி இரண்டாகிவிடும். கூட்டத்தை ஃபார்வர்ட் கொண்டுவந்தாலோ இரண்டு மணிக் கூட்டம் ஒரு மணிக்கு வந்துவிடும். கடிகாரத்தைப் புட் பேக் செய்தால் நேரம் குறையும், கூட்டத்தைப் புட் பேக் செய்தால் தள்ளிப்போகும். இவர்கள்தான் நமக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்தார்கள்!

இப்போது, தேதியை முன்னுக்குக் கொண்டுவருவதற்கு நம்மூரில் சொல்கிறோமே, அந்த ப்ரீபோனுக்கு வருகிறேன். ஆங்கிலப் பேராசிரியர் அதைச் சிவப்பு மசியில் அடித்து, "இது மெட்ராஸ் ஆபீஸ் கிளார்க் இங்கிலீஷ்" என்று நம் சிநேகிதன் ஞானத்தை வகுப்பில் நிற்க வைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ஞானம் இன்னமும் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை. அவனிடம் சொல்லு: 1913லேயே நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்கு ஒருவர் கடிதம் எழுதி இந்தச் சொல்லை முன்மொழிந்திருக்கிறார். யாருக்காகத் தெரியுமா? முக்கியமாக வக்கீல்களுக்காக! போஸ்ட்போனையே பிடித்துத் தொங்குகிறார்களே, எதிர்ச்சொல் ஒன்று இருக்கட்டும் என்று. அங்கே அது வேர் பிடிக்கவில்லை. இங்கே பிடித்தது. ஆக்ஸ்போர்டு அகராதியிலும் ஏறிவிட்டது. 'முன்னே வைத்தல்' என்ற பொருளில் 16ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார்களாம். லத்தீனில் போஸ்ட் என்றால் பின், ப்ரே என்றால் முன், பொனேரே என்றால் வைப்பது. ப்ரெபொசிஷன் பிறந்த வீடும் அதுதான். இதில் கிளார்க் எங்கிருந்து வந்தார்?

வடக்கே கோர்ட்டுகளில் ப்ரீபோன்மென்ட் என்றே மனு போடுகிறார்கள். நீங்கள் மட்டும் மதுரையில் கௌரவமாக 'அட்வான்ஸ் ஹியரிங்' என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் லீட்ஸில் அந்தக் குறுஞ்செய்தி அனுப்பியவர் ப்ரீபோன் என்று போட்டிருந்தால், மகளை வெறும் வயிற்றோடு நேரத்துக்குக் கூட்டிப் போயிருப்பார் மாப்பிள்ளை. எந்தப் பக்கமும் திருப்பிப் படிக்க முடியாத சொல் அது. இதற்கு மேல் ஒரு சொல்லிடம் என்ன எதிர்பார்ப்பது?

சரி, சொல் ஆராய்ச்சி போதும். உன் விஷயம் ஒன்று. மதினி போனில் அழாத குறை. டாக்டர் ஆஞ்சியோ எடுக்கச் சொல்லியும், தீபாவளி போகட்டும், பொங்கல் போகட்டும், கோர்ட் லீவு வரட்டும் என்கிறாயாமே. மாடி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடுப்படியில் நிற்கிறாயாம். இதை நீ எனக்குச் சொல்லவேயில்லை. உன்மேல் எனக்குக் கோபம்தான், சங்கரா. விளையாட்டாக எழுதவில்லை. வாய்தா வாங்க இது கேஸ் இல்லை. இந்த மாதமே போய் எடு. எடுக்கிற தேதியைக் கிழமையோடு எழுது. முன்னால், பின்னால் என்றெல்லாம் எழுதினால் செல்லாது. நானும் வந்து கூட இருக்கிறேன்.

உன் தங்கச்சிக்கு விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் கிளம்புகிறாள். அதன் பிறகு வீட்டில் நான் மட்டும்தான், ஆஞ்சியோ முடிந்ததும் நீ இங்கேயே வந்து தங்கி ஓய்வெடுக்கலாம். ஞானத்தையும் கூட்டி வா. குடை விஷயத்தை நான் எடுக்க மாட்டேன் என்று சொல்லிக் கூட்டி வா.

அன்புடன்,
ராமு