கானை அகலமாக்க முன் மழையை வளவுக்குள் நிறுத்துவோம்

திருகோணமலை நகரின் வடிகால் வேலைகளைத் தீர்மானிக்கும் உறுப்பினர்களுக்கும் பொறியியலாளர்களுக்கும்,

வணக்கம். முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் வீட்டு முற்றம் முழுக்க இன்ரலொக் கல் பதித்தேன். மாமரத்துச் சருகு கூட்டுகிற அலுப்பு, அப்புறம் பக்கத்து வளவைப் பார்த்து வந்த ஆசை. அந்தக் கார்த்திகையில்தான் முதல் தடவையாகத் தண்ணீர் குசினிப் படியைத் தொட்டது. முன்பு இருந்த மணல் முற்றம் எவ்வளவு பெய்தாலும் கொஞ்ச நேரத்தில் குடித்துவிடும். கல் பதித்த பிறகு கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் சேர்ந்து கேற்றுக்குக் கீழால் ஒழுங்கைக்குப் பாய்ந்தன. எதிர்வீட்டு அக்கா மண்வெட்டியோடு வந்து அதைத் திரும்ப என் பக்கமே வெட்டிவிட்டார். சரியான வேலைதான்.

பிறகு ஒழுங்கைக்குப் புதுக் கான் வந்தது. நல்ல கொங்கிறீட்டு, நேர்கோடு, மூடி எல்லாம் உண்டு. ஆனால் கானின் விளிம்பு ஒழுங்கையை விட நான்கு விரல் உயரம். மழை பெய்தால் தண்ணீர் கானைப் பார்த்துக்கொண்டு ஒழுங்கையிலேயே நிற்கிறது.

அதை நாலு விரல் இறக்கிக் கட்டித் தாருங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. அதுவும் வேண்டும்தான். ஆனால் மழையை எப்படிக் கெதியாகக் கடலுக்குத் துரத்தலாம் என்ற ஒரே கேள்வியில் திட்டங்கள் நின்றுவிடுகின்றன. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நமக்கு வருடத்தில் ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. நகரின் பழைய பகுதி ஒரு பக்கம் உட்துறைமுகமும் மறுபக்கம் திறந்த கடலுமாக நடுவில் கிடக்கும் ஒடுங்கிய நிலம். அதன் மணலுக்குள் உப்புநீரின் மேல் நன்னீர் மெல்லிய படையாக மிதக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால் கீழே சுமார் 40 அடி வரை உப்பைத் தள்ளிப் பிடிக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் பழைய கணக்கு. அந்த ஓரடியைத்தான் கார்த்திகையில் கானால் கடலுக்கு அனுப்புகிறோம். ஆடியில் கிணறு சவர்க்கிறது, சவர்க்காரம் நுரைக்கவில்லை என்று புலம்புகிறோம். வெள்ளத்துக்கு ஒரு கோப்பு, குடிநீருக்கு இன்னொரு கோப்பு. இரண்டும் ஒரே மேசைக்கு வருவதில்லை.

ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 9,000 லீற்றருக்கு மேல் தண்ணீர். ஆயிரம் லீற்றர்த் தாங்கி ஒன்பதை நிரப்பலாம். இதற்குச் சட்டமும் இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தை 2007 இல் திருத்தி, 2009 இல் ஒழுங்குவிதிகளும் போட்டு, நகரப் பகுதிகளில் புதிதாகக் கட்டுவோர் மழைநீரைச் சேகரிக்க வேண்டும் என்றார்கள். வீட்டு வரைபடத்தில் தாங்கியும் பீலியும் கீறியிருக்கும். வீடு கட்டி முடிந்ததும் பீலி எங்கே இறங்குகிறது என்று ஒருவர் போய்ப் பார்த்தால் போதும். பாதிப் பேர் குழாயைக் கானுக்குள் விட்டிருப்போம்.

நான் இப்போது கூரைக் குழாயடியில் இரண்டு வரிசைக் கல்லைக் கிளப்பி, மூன்றடிக் குழி வெட்டி, உடைந்த செங்கல்லும் சல்லியும் போட்டு வைத்திருக்கிறேன். மலசலகூடக் குழிக்குத் தூரமாகத்தான் வெட்டினேன். போன மாரியில் தண்ணீர் படிக்கு வரவில்லை. கிணற்றுக்கு அது என்ன செய்தது என்று சொல்ல ஒரு வளவு போதாது. ஒழுங்கை முழுக்கச் செய்தால் சொல்லலாம்.

எல்லா இடத்துக்கும் குழி சரிவராது என்பதும் தெரியும். மேட்டுப் பக்கம் பாறை. அங்கே தண்ணீரைச் சரிவிலேயே படிப்படியாகத் தடுக்க வேண்டும். களப்போரம் மாரியில் நிலத்தடி நீர் மண்ணின் விளிம்பு வரை வந்துவிடும், குழி வெட்டினால் குழியே கிணறாகும். அங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: கிரவல் கொட்டிப் பள்ளத்தை நிரப்ப அனுமதி கொடுக்காதிருப்பது. 2010 இல் பாராளுமன்றத்தைச் சுற்றியே வெள்ளம் நின்ற கொழும்பு, 2018 இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் ‘ஈரநில நகரம்’ என்ற அங்கீகாரம் வாங்கியது. சதுப்பு நிலம் வெள்ளத்தைத் தாங்கும் என்று அவர்கள் கணக்குப் பார்த்துக் கண்டதை நாம் இன்னும் ‘வெறும் பள்ளம்’ என்கிறோம்.

தண்ணீர் தேங்கினால் டெங்கு வருமே என்பீர்கள். 2017 இல் பக்கத்துக் கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டை மறக்கவில்லை. நுளம்பு முட்டை பறக்கும் நுளம்பாக ஒரு கிழமை போலத் தேவை. மணலில் ஒழுங்காக வெட்டிய குழி ஒரு நாளில் வற்றிவிடும். வாட்டம் தப்பிய மூடிக் கானில்தான் தண்ணீர் மாதக் கணக்கில் கிடக்கிறது.

2020 டிசம்பர் 2 இரவு புரவிச் சூறாவளி நமக்கு வடக்கே கரையேறியதே, அப்படியொரு இரவுக்குக் குழியும் கானும் போதாது. நான் பேசுவது வருடா வருடம் வரும் சாதாரண மாரியைப் பற்றி.

கான் துப்புரவாக்குவதை ஆவணியில் தொடங்குங்கள். அள்ளிய சேற்றைக் கான் கரையிலேயே குவித்துவிட்டுப் போக வேண்டாம். முதல் மழையே அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுகிறது. அதிலுள்ள பொலித்தீன் பைகளை முதலில் தேடி வருவது கோட்டைப் பக்கத்து மான்கள். நடைபாதை மரங்களைச் சுற்றி உயரக் கட்டுவதை நிறுத்தி, ஒரு சாண் பள்ளமாக விட்டு, வீதித் தண்ணீர் உள்ளே போக இடைவெளி வையுங்கள். இதற்குச் செலவு குறையுமே தவிர அதிகமாகாது. ஒரு வீதியில் செய்து பாருங்கள்.

கார்த்திகையில் அடைமழை பெய்கிற ஒரு காலையில் உங்களில் யாராவது எங்கள் ஒழுங்கைக்கு வாருங்கள். வெயில் நாளில் எடுத்த மட்டக் கணக்கு வேண்டாம். எந்த மதகில் தண்ணீர் திரும்பி வருகிறது, எந்த வளவு குடிக்கிறது, எது துப்புகிறது என்று நடந்தே காட்டுகிறேன். எதிர்வீட்டு அக்காவும் மண்வெட்டியோடு நிற்பார்.

இப்படிக்கு,
திருகோணமலை ஒழுங்கைவாசி ஒருவன்