சூரியனை உடைக்கிற கணக்கு

பினாங்கு

அன்புள்ள முத்து,

வணக்கம். உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். மகேஸ்வரிக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. தண்ணீர்மலைக் கோயில் படி ஏற இன்னும் நாளாகும், ஆனால் மார்க்கெட்டுக்கு நடந்தே போய் வருகிறாள்.

சரி, உன் பேத்தி கேள்விக்கு வருகிறேன். தேசியக் கோளரங்கத்திலிருந்து திரும்பும்போது, பூமியை உடைப்பதைவிடச் சூரியனை உடைப்பது எத்தனை மடங்கு கஷ்டம் என்று கேட்டாளாமே! சூரியனின் எடை 333,000 மடங்கு, அதனால் சக்தியும் அத்தனை மடங்கு என்று நீ சொல்லிவிட்டாயாம். அதை அப்படியே விட்டுவிடாதே முத்து. உண்மையான விடை அதைவிட எவ்வளவோ பெரியது.

உடைப்பது என்றால் துண்டு துண்டாக்கினால் மட்டும் போதாது. ஈர்ப்பு அந்தத் துண்டுகளை மறுபடி ஒன்றுசேர்த்துவிடும். ஒவ்வொன்றையும் திரும்பி வராத வேகத்தில் அனுப்ப வேண்டும். பூமியின் தரையிலிருந்து அந்த வேகம் நொடிக்கு 11.2 கிலோமீட்டர், சூரியனின் மேற்பரப்பிலிருந்து 618 கிலோமீட்டர். காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டால், ஒரு கிலோ கல்லைப் பூமியைவிட்டு அனுப்ப இரண்டு லிட்டர் பெட்ரோலில் இருக்கிற சக்தியே போதும். சூரியனிலிருந்து ஒரு கிலோவைக் கிளப்ப 5,000 லிட்டருக்கு மேல் வேண்டும். அதாவது கிலோவுக்கு 3,000 மடங்கு. கிலோக்களும் 333,000 மடங்கு. இரண்டையும் அவளையே பெருக்கிப் பார்க்கச் சொல்: நூறு கோடி! சூரியனின் மையத்தில் அடர்த்தி அதிகம் என்பதால் கணக்கு இன்னும் ஏறும். உள்ளே இருக்கிற வெப்பம் பாதிச் செலவை ஏற்றுக்கொள்வதால் இறங்கவும் செய்யும். கடைசியில் நூறு கோடிக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது.

எண் பெரிதானால் பிள்ளைகளுக்கு மனதில் ஒட்டாது, அதனால் இப்படிச் சொல். சூரியன் எல்லாத் திசையிலும் வீசுகிற ஒளி முழுவதையும் பிடித்து உடைக்கிற வேலைக்குக் கொடுத்தால், நிலாவுக்கு ஐந்தரை நிமிடம் போதும். பூமிக்கு ஒரு வாரம். வியாழனுக்கு 170 ஆண்டுகள். சூரியனுக்கோ இரண்டரை, மூன்று கோடி ஆண்டுகள். 19ஆம் நூற்றாண்டில் கெல்வின் என்ற இயற்பியலாளர், சூரியன் சுருங்குவதால்தான் எரிகிறது என்று எண்ணி அதற்குச் சில கோடி ஆண்டுகள் ஆயுள் கணித்தாரே, அதே கணக்குதான் இது, திருப்பிப் போட்டிருக்கிறேன்.

என்னை இத்தனை நாள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்கு அடுத்த விஷயம். தன்னையே சிதறடிக்கத் தேவையான எரிபொருள் சூரியனுக்குள்ளேயே இருக்கிறது. தன் எடையில் நாலாயிரத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் ஒரே நேரத்தில் ஹீலியமாக மாறினால் போதும், சூரியன் இருக்காது. ஆனால் அப்படி நடப்பதில்லை. மையம் கொஞ்சம் அதிகமாகச் சூடானால் வாயு விரிகிறது, விரிந்ததும் குளிர்கிறது, எரிவது மட்டுப்படுகிறது. வெளியிலிருந்து சக்தியைக் கொட்டினாலும் மெதுவாகக் கொட்டினால் இதே கதைதான்: நட்சத்திரம் உப்பும், உள்ளே நெருப்பு தணியும். 460 கோடி ஆண்டுகளாகச் சூரியன் வெடிக்காமல் இருப்பதற்கு இந்த விரிவுதான் காரணம்.

அப்புறம் வெள்ளைக் குள்ள நட்சத்திரத்தைப் பார். எரிந்து முடிந்த மிச்சம், பூமியளவுதான் இருக்கும். அங்கே பொருள் அவ்வளவு நெருக்கமாக அமுங்கிக் கிடப்பதால் சூடேறினாலும் அழுத்தம் ஏறுவதில்லை, விரியவும் முடியாது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் வானியற்பியலாளர் சந்திரசேகர், 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குப் போகிற கப்பலில் இதற்குத்தான் கணக்குப் போட்டார். அப்படிப்பட்ட நட்சத்திரத்தின் எடைக்கு ஓர் உச்ச எல்லை உண்டு என்று கண்டார். இன்று அது சூரியனைப்போல் 1.4 மடங்கு என்கிறோம். 1983இல் நோபல் பரிசு வந்தது. வெள்ளைக் குள்ளன் பக்கத்து நட்சத்திரத்திலிருந்து பொருளை இழுத்து அந்த எல்லையை நெருங்கும்போது உள்ளே இருக்கிற கரிமம் (கார்பன்) பற்றிக்கொள்கிறது. சூடு ஏறுகிறது, விரிவு இல்லை, இன்னும் வேகமாக எரிகிறது. சூரியன் 1,000 கோடி ஆண்டு ஆயுள் முழுக்க வெளியிடுகிற சக்தி சில நொடிகளில் வெளிவந்துவிடும். பெரும்பாலும் நடுவில் ஒன்றுமே மிஞ்சாது.

ஆகவே பூமியை உடைக்க வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும், இப்படிப்பட்ட வெள்ளைக் குள்ளனோ தன் சொந்த நெருப்பிலேயே சிதறுகிறது. அவளிடம் இதைச் சொல்லும்போது சந்திரசேகர் பெயரை மறக்காமல் சொல். நம் பிள்ளைகள் அந்தப் பெயரோடு வளர வேண்டும் என்பது என் ஆசை.

பள்ளி விடுமுறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா. மொட்டை மாடியில் என் பழைய தொலைநோக்கியை வைத்து வியாழனின் நாலு பெரிய நிலாவையும் காட்டுகிறேன். வருகிற தேதியை முன்கூட்டியே எழுது. ரயில் டிக்கெட் விடுமுறையில் கிடைக்காது, இப்போதே எடுத்துவிடு.

அன்புடன்,
சேகரன்