எலிக்குக் கொடுத்த அளவையும் சேர்த்துப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பிரிசர்வேட்டிவ், அதாவது சாமான் கெடாம இருக்க கலக்கற பொருள் பத்தி வந்த கட்டுரைய எங்க கேன்டீன்ல கைமாத்திக் கைமாத்தி எல்லாரும் படிச்சோம். எலிக்கு சோடியம் பென்சோயேட்னு ஒரு பிரிசர்வேட்டிவ கொடுத்தாங்க, ஈரல்ல ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் ஏறிப்போச்சு, அதனால பாக்கெட்ல வர்றது எல்லாமே விஷம்னு முடிச்சிருந்தீங்க. எலியோட எடைக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் கொடுத்தாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. நான் நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன மில்லுல லேப்ல வேலை பாக்கறவன், டாக்டர் எல்லாம் இல்லீங்க, ஆனா கொழுப்பு காறிப்போறதும் அத தடுக்க என்ன போடறோம்கறதும்தான் எனக்கு தினப்படி பொழப்பு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், வெட்டறதா இருந்தா பூனை பத்தி சொல்ற இடத்த மட்டும் வெட்டாதீங்க.

ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ங்கறது வெட்டி வச்ச வாழைக்காய் காத்து பட்டு கருக்கற மாதிரி ஒரு சமாச்சாரம், உடம்புக்குள்ள செல் லெவல்ல நடக்குது. ஆக்சிஜன்ல இருந்து கெளம்பற ஃப்ரீ ராடிக்கல் கொழுப்பையும் புரதத்தையும் கடிச்சு வைக்கும், உடம்பு குளுட்டாத்தயோன், கேட்டலேஸ்னு சிலத வச்சு அத அடக்கும். அடக்கற சரக்கு தீர்ந்து போனா சேதம். எலி ஆராய்ச்சில ரத்தத்துலயும் ஈரல்லயும் எம்டிஏ (கொழுப்பு கெட்டதுக்கு அடையாளமா வர்ற பொருள்) அளவு ஏறுச்சா, குளுட்டாத்தயோன் எறங்குச்சான்னு பாப்பாங்க. பென்சோயேட்ட அதிக டோஸ்ல வாரக்கணக்குல கொடுத்தா எலிக்கு இப்படி ஆகுதுன்னு பல ஆராய்ச்சில வந்திருக்கு, அத நான் மறுக்கல. ஆனா அதே பென்சோயேட் கம்மியா போனா ஈரல் அத கிளைசினோட சேத்து ஹிப்யூரிக் ஆசிட்டா மாத்தி மூத்திரத்துல அனுப்பிரும்.

நீங்க விட்டுட்ட இன்னொரு பக்கம் இருக்குங்க. பிரிசர்வேட்டிவ் போடாத தீவனமும் இதே ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸ கொடுக்கும், சில சமயம் அதவிட மோசமா. தவிட்டுல எண்ணெய் இருக்கு, கருவாட்டுத் தூள்ல மீன் எண்ணெய் இருக்கு, நம்மூரு சித்திரை வெயில்ல மூட்டைய அடுக்கி வச்சா கொஞ்ச நாள்லயே சிக்கு வாடை அடிக்கும், அந்த காறின கொழுப்பு தீவனத்துல இருக்கற வைட்டமின் ஈ-ய மொதல்ல தின்னு தீத்துரும், அப்புறம் குஞ்சோட உடம்புல கைய வைக்கும். ரெண்டு மூணு வாரக் குஞ்சு திடீர்னு நிக்க முடியாம சாஞ்சு, தலைய பின்னுக்குத் திருப்பிக்கிட்டு கால உதைக்கறத பாத்த பண்ணைக்காரங்களுக்கு நான் என்ன சொல்றேன்னு புரியும். கிரேஸி சிக் டிசீஸ்னு வெட்னரி புஸ்தகத்துல பேரு, சிறுமூளை கெட்டுப்போறதால வர்றது. பூனைக்கு தினமும் கொழுப்பு மீனா போட்டு வைட்டமின் ஈ இல்லாம வளர்த்தா அதுக்கும் உடம்புக் கொழுப்பு மஞ்சளாகி வீங்கி, தொட்டாலே கத்தும். மீன் தூள் இருக்கே, அது கப்பல்ல போகும்போது தானா சூடாகி தீப்பிடிக்கற அளவுக்கு ஆக்சிடைஸ் ஆகற சாமான், அதுக்காகவே ஆன்டிஆக்சிடன்ட், அதாவது ஆக்சிடைஸ் ஆகறத தடுக்கற பொருள் கலந்துதான் ஏத்தணும்னு கப்பல் சரக்கு விதியே இருக்கு.

அப்படி கலக்கறதுல முக்கியமானது எத்தாக்ஸிகுவின். மில்லுல இத பத்தி பேசாத நாள் கிடையாது. அமெரிக்காவுல நாய் வளர்க்கறவங்க ஈரல் கோளாறு, தோல் கோளாறுன்னு கம்ப்ளைன்ட் மேல கம்ப்ளைன்ட் கொடுத்தாங்க, அத தயாரிக்கற கம்பெனி நாய்க்கே கொடுத்து சோதிச்சு பாத்ததுல ஈரல்ல ஒரு நிறமி படிஞ்சு ரத்தத்துல ஈரல் என்சைமும் மாறியிருந்துச்சு. 1997-ல அந்த நாட்டு உணவு மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, நாய்த் தீவனத்துல 150 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல 150 பங்கு) வரைக்கும் இருந்த அளவ 75-க்கு நீங்களாவே கொறச்சுக்கங்கன்னு கேட்டுக்கிச்சு. ஐரோப்பாவுல 2017-ல அனுமதியவே நிறுத்தி வச்சுட்டாங்க, ஏன்னா பாதுகாப்புன்னு சொல்ல தகவல் போதல, அதுல கழிவா ஒட்டி வர்ற பாரா-ஃபெனெட்டிடின் மரபணுவ கெடுக்கலாம்னு சந்தேகப்படற சரக்கு. இதையெல்லாம் உங்க கட்டுரை சொல்லியிருந்தா நான் கை தட்டியிருப்பேன்.

அளவு எவ்வளவு முக்கியம்னு பாக்கணும்னா பிஎச்ஏங்கற இன்னொரு ஆன்டிஆக்சிடன்ட் கதைய எடுத்துக்கங்க. ஜப்பான்ல 1980-கள் ஆரம்பத்துல எலித் தீவனத்துலயே 2 சதவீதம் பிஎச்ஏ கலந்து காலத்துக்கும் கொடுத்து பாத்தாங்க, எலியோட முன்வயித்துல புத்துநோய் வந்துச்சு. 2 சதவீதம்னா 20,000 பிபிஎம், நம்ம நாட்டுல எண்ணெய்க்கு விட்ட உச்ச அளவே 200 பிபிஎம்தான், அதுபோக முன்வயிறுன்னு ஒரு உறுப்பே மனுசனுக்கு கிடையாது. ஆனா ஒண்ணு, அளவு மீறிப் போனா பிஎச்ஏ உடம்புல டிபிஎச்க்யூ, குயினோன்னு வேற வேற பொருளா மாறி, அதுவே ஃப்ரீ ராடிக்கல கெளப்பிவிடும். ஆக்சிடேஷன தடுக்கத்தான் போட்டோம், அதுவே அத செய்ய ஆரம்பிச்சுரும். அதனால "ஆன்டிஆக்சிடன்ட்"னு பேரு இருக்கறதுனால நல்லதுன்னு நம்பறவங்களும் கொஞ்சம் நிதானிக்கணும்.

இப்ப பூனை. எலிய வச்சு நாய்க்கும், நாய வச்சு பூனைக்கும் முடிவு பண்ணா என்ன ஆகும்கறதுக்கு இதவிட உதாரணம் வேண்டாம். புரோப்பிலீன் கிளைக்கால்னு ஒண்ணு, பாதி ஈரமா மெத்துன்னு வர்ற தீவனத்துல ஈரம் காயாமலும் பூஞ்சை பிடிக்காமலும் இருக்க போடுவாங்க. நாய்த் தீவனத்துல அனுமதி உண்டு, நாய் தாங்கிக்கும். பூனையோட ஹீமோகுளோபின்ல ஆக்சிடைஸ் ஆகக்கூடிய கந்தகக் கொக்கி, அதாவது கந்தகம் இருக்கற இடம் 8 இருக்கு, நமக்கு ரெண்டுதான், நாய்க்கு நாலு. அது ஆக்சிடைஸ் ஆகி சிவப்பணுவுக்குள்ள ஹைன்ஸ் பாடின்னு கட்டி கட்டியா ஒட்டிக்கும், சிவப்பணுவோட ஆயுசு கொறையும். வெளில பாத்தா பூனை நல்லாத்தான் இருக்கும், ரத்தத்த மைக்ராஸ்கோப்ல வச்சாத்தான் தெரியும். 1996-ல அமெரிக்காவுல பூனைத் தீவனத்துல இத போடவே கூடாதுன்னு தடை பண்ணாங்க. மேல சொன்ன பென்சோயேட்டோட ஆசிட் வடிவமான பென்சாயிக் ஆசிட்டும் பூனைக்கு ஆகாது, அது போட்ட இறைச்சிய தின்னு பூனைங்க நடுங்கி வெறிபிடிச்ச மாதிரி ஆகி செத்துப்போனதா இங்கிலாந்து வெட்னரி பத்திரிகைல பழைய பதிவு இருக்கு, பூனையோட ஈரல்ல அத வெளியேத்தற வழி கம்மி. இதோட சேத்து ஒண்ணு சொல்லிடறேன், காய்ச்சல்னு பூனைக்கு பாராசிட்டமால் மட்டும் கொடுத்துறாதீங்க, ஒரு மாத்திரையே கொன்னுரும், வெங்காயமும் வேண்டாம், ரெண்டுமே அந்த ஹீமோகுளோபின்லதான் போய் நிக்கும்.

எங்க தெருவுலயே பாக்கறேன், நாய்க்குத் தீவனம் வாங்கிப் போடறவங்க மிச்சத்த பூனைக்கும் கொட்டறாங்க, சாஸேஜ் துண்டு, ஊறுகாய் பெசஞ்ச சோறு எல்லாம் போகுது. கேட்டா "அதுவும் ஜீவன்தானே, இதுவும் ஜீவன்தானே"ங்கறாங்க. நாய்த் தீவனத்துல புரோப்பிலீன் கிளைக்கால் இருக்கான்னு எழுத்த பாத்து எடுத்து வைக்க ஒரு நிமிஷம் ஆகாது, ஆனா எழுத்து இருந்தாத்தானே. பல மூட்டைல "அனுமதிக்கப்பட்ட ஆன்டிஆக்சிடன்ட் சேர்க்கப்பட்டது"ன்னு ஒத்த வரியோட முடிச்சிடறாங்க, எதுன்னு பேரு இல்ல, எத்தனை பிபிஎம்னு இல்ல. இன்னொரு தந்திரமும் தொழில்ல நடக்கும். "நாங்க பிரிசர்வேட்டிவ் சேர்க்கல"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க, அவங்க சேர்த்திருக்க மாட்டாங்கதான், வாங்கின மீன் தூள்லயே எத்தாக்ஸிகுவின் சேர்ந்து வந்திருக்கும்.

ஆக, நான் கேக்கறது ரெண்டு. தீவன மூட்டைலயும் நாய் பூனை பாக்கெட்லயும் எந்தப் பொருள், எவ்வளவு, மூலப்பொருளோட வந்ததையும் சேர்த்து, தமிழ்லயும் அச்சடிக்கணும்னு உங்க பேப்பர் எழுதணும், நாங்க எழுதினா மொதலாளி பாக்கற பார்வையே வேற. அடுத்தது, எலி ஆராய்ச்சிய போடும்போது டோஸையும், அது எந்த மிருகம்கறதையும் ஒரு வரியாச்சும் போடுங்க. அந்த ஒரு வரி இருந்தா எங்க கேன்டீன்ல அன்னிக்கு பாதி சண்டை நடந்திருக்காது, பிஸ்கட் பாக்கெட்ட குப்பைல போட்ட அண்ணனும் போட்டிருக்க மாட்டாரு.

இப்படிக்கு,
தீவன மில் லேப் ஊழியர்,
நாமக்கல்.