தரகரைக் கூப்பிடும் முன் கையிருப்பைக் கணக்கிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடு வாங்க நினைப்பவர்களிடம் தரகர் கேட்கும் முதல் கேள்வி, "பட்ஜெட் எவ்வளவு சார்?" பெரும்பாலோர் வங்கி எவ்வளவு கடன் தரும் என்று கேள்விப்பட்டதை வைத்து ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். டோக்கன் (முன்பணம்) கொடுத்த பிறகுதான் பணம் போதவில்லை என்று தெரிகிறது. கணக்கைக் கையிருப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 60 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய அடுக்குமாடி வீட்டை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் உச்சவரம்பு. ஆக 12 லட்சம் நம் பங்கு. முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம், அது 5.40 லட்சம். இந்தச் செலவை வீட்டு மதிப்போடு சேர்த்துக் கடன் கணக்கிட வங்கிக்கு அனுமதி இல்லை. முழுவதும் நம் சொந்தப் பணத்திலிருந்தே போக வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். தரகு 1 சதவீதம் என்றால் இன்னும் 60,000. எல்லாம் சேர்த்து 18 லட்சம். வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கருத்துரை, மராமத்து எல்லாம் இதற்கு மேல்.

அதாவது விலையில் 30 சதவீதம் கையில் இருக்க வேண்டும். 12 லட்சம் சேர்த்து வைத்திருப்பவரின் வரம்பு 40 லட்சம்தான், 60 அல்ல. தரகரிடம் சொல்ல வேண்டிய தொகை அது. விற்பவர் ஒரு பகுதியைப் பத்திரத்தில் காட்டாமல் ரொக்கமாகக் கேட்டால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். அது சட்டப்படி தவறு. பத்திரத்தில் விலை குறையக் குறையக் கடனும் குறையும்.

அடுத்தது மாதத் தவணை. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குச் சுமார் 868 ரூபாய். வங்கி எல்லாத் தவணைகளையும் சேர்த்தே பார்ப்பதால், ஏற்கெனவே வண்டிக் கடனுக்கு மாதம் 5,000 கட்டுகிறவருக்கு அதனாலேயே ஐந்தே முக்கால் லட்சம் வரை வீட்டுக்கடன் குறையலாம். சிறு கடன்களை முதலில் அடைத்துவிடுவது நல்லது. நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகப் பெறலாம். பழைய கிரெடிட் கார்டில் விட்டுப்போன சில நூறு ரூபாய் பாக்கிகூட அதில் கறையாக நிற்கும். பிழையைத் திருத்த 30 நாள் வரை ஆகலாம் என்பதால், வீடு பார்க்கத் தொடங்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். பிறகு வங்கியில் நமக்கு எவ்வளவு கடன் தரலாம் என்ற கொள்கை அளவிலான ஒப்புதலை வாங்கிக் கையில் வைத்திருந்தால் விலை பேசும்போது நம் சொல்லுக்கு எடை கூடும்.

ஊரை முடிவு செய்ததும் பதிவுத்துறையின் இணையதளத்தில் அந்தத் தெருவுக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள். பத்திர விலை அதற்குக் கீழே இருந்தாலும் கட்டணம் வழிகாட்டி மதிப்புக்குத்தான். எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்பதையும் குறித்துக்கொண்டால், தரகர் சர்வே எண்ணைத் தந்த அன்றே வில்லங்கத்தை இலவசமாகப் பார்த்துவிடலாம். மூலப் பத்திரம், பட்டா, அனுமதி வரைபடம் ஆகியவற்றின் நகல் கைக்கு வரும்வரை டோக்கன் கொடுக்கக் கூடாது. "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்ற அவசரத்துக்கு மசிந்துவிடாதீர்கள்.

புதிய குடியிருப்புத் திட்டங்களில் ரெரா (வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயமானவற்றை விற்கும் தரகருக்கும் ரெரா பதிவு எண் இருக்க வேண்டும். முதல் போனிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். மனை, வீடு விளம்பரங்களில் "1,000 சதுர அடி" என்று மொட்டையாக வருகிறது. மாடிப்படி, நடைபாதை எல்லாம் சேர்ந்த அளவா, உள்ளே கால் வைத்துப் புழங்கும் கார்ப்பெட் ஏரியாவா என்று தெரிவதில்லை. இரண்டுக்கும் 250 முதல் 300 சதுர அடி வரை வித்தியாசம் வரும். கார்ப்பெட் ஏரியாவையும், நிலத்தில் பிரிபடாத பாகம் (அந்த வீட்டுக்குச் சேரும் நிலப் பங்கு) எவ்வளவு என்பதையும் குறிப்பிடாத அடுக்குமாடி விளம்பரங்களை ஏற்பதில்லை என்று நீங்கள் விதி வைத்தால், வாசகர்கள் வீட்டிலிருந்தபடியே பாதி வீடுகளைக் கழித்துவிட முடியும்.

இப்படிக்கு,
வீட்டுக்கடன் பிரிவில் பணிபுரியும் வாசகர்,
சென்னை.