திருப்பிப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் போடு

சிவமயம்

அன்புள்ள ஆத்தா,

இங்கே எல்லோரும் நலம். அப்பச்சிக்கு முட்டி வலி தேவலை, காலையில் ஊருணிக் கரை வரை நடந்துவிட்டு வருகிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணமிண்டி மகன் அடுத்த வாரம் டாலஸ் வருகிறானாம். சீப்புச்சீடையும் மனகோலமும் கொடுத்து விடுகிறேன்.

நேற்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தள்ளுபடியில் கிடைத்தது என்று நகை கழுவும் அல்ட்ராசோனிக் மெஷின் வாங்கியிருக்கிறாய். பக்கத்திலேயே நகைப் பெட்டியைத் திறந்து வைத்து, "தை மாதக் கல்யாணத்துக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் பளிச்சென்று ஆக்கிவிடுவேன்" என்று எழுதியிருக்கிறாய். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நான் கெடுத்த நகையைப் பற்றி உனக்குச் சொன்னதே இல்லை. எனக்குக் கல்யாணமான மறு வருஷம், ஆயா எனக்குப் போட்டுவிட்ட, சிவப்புக் கல் பதித்த கெம்பு அட்டிகையைச் சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். முதல் நாள்தான் இரண்டாம் கட்டில் பித்தளைச் சாமான் எல்லாம் புளி போட்டுத் தேய்த்திருந்தோம். குடமும் அண்டாவும் பொன் மாதிரி மின்னின. அந்தக் கை ருசியில், சுடுதண்ணீரில் புளியைக் கரைத்து அட்டிகையையும் முக்கி வைத்தேன். எடுக்கும்போது தங்கம் நன்றாகத்தான் இருந்தது. நான்கைந்து நாள் கழித்துப் பார்த்தால் சிவப்பு மங்கி, வெற்றிலை போட்டுத் துப்பிய கறை மாதிரி கல் கல்லாகக் கறுத்திருந்தது.

காரைக்குடியில் நகை செய்யும் பத்தரிடம் எடுத்துப் போனேன். அவர் ஒரு கல்லை நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கல் அப்படியேதான் இருந்தது, ஒரு கீறல் கூட இல்லை. கல்லுக்குப் பின்னால் சிகரெட் அட்டைக்குள் இருக்குமே, அந்த மாதிரி மெல்லிய தகடு ஒன்று, கரிந்த காகிதம் போல இருந்தது. அதற்கும் கீழே அரக்கு. பழைய கெம்பு நகைகளில் கல்லுக்கு அடியில் பளபளவென்ற தகடு வைத்து, அரக்கு நிரப்பி, பின்பக்கத்தைத் தங்கத்தால் மூடிவிடுவார்கள். விளக்கு வெளிச்சம் தகட்டில் பட்டுத் திரும்பி வருவதால்தான் அந்தச் சிவப்பு. ஓரமாக ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் வெளியே வர வழி கிடையாது, தகடு கறுத்துப் போகும். சுடுதண்ணீர் என்றால் அரக்கும் இளகும். நான் புளி, சுடுதண்ணீர் இரண்டையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். ரங்கூனிலிருந்து ஐயா கொண்டு வந்த கற்கள் அவை. பத்தர் எல்லாவற்றையும் பிரித்து, தகடு மாற்றிக் கட்டிக் கொடுக்க மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை ஆயா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டே போய் வந்தேன். ஆயாளுக்குத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

அந்த அட்டிகைதான் இப்போது உன் பெட்டியில் இருக்கிறது. அதை மெஷினில் போடாதே, தண்ணீரிலும் போடாதே. மெத்தென்ற பழைய வேட்டித் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, மேல்பக்கம் மட்டும் ஒற்றி எடு. உடனே காய்ந்த துணியால் துடைத்துக் காற்றாட விடு. அவ்வளவுதான் அதற்கு வைத்தியம்.

ஆகவே எந்த நகையை எடுத்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார். உன் ஏழுகல் தோட்டைத் திருப்பினால் ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் ஓட்டை தெரியும். ஓப்பன் செட்டிங் என்கிறார்களே, அது. ஆயாளுடைய பழைய தோடு அப்படியில்லை, பின்னால் மூடியிருக்கும். இரண்டும் வைரம், இரண்டும் ஏழு கல், முன்னால் பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஆனால் உன்னுடையதைத் தண்ணீரில் போடலாம், ஆயாளுடையதைப் போடக்கூடாது.

வைரம் மங்குவது தேய்ந்து போவதால் இல்லை, எண்ணெயால். வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, ஆனால் கொழுப்பு நன்றாக ஒட்டும். அந்தக் காலத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் கொழுப்பு தடவிய மேசை மேல் கல்லையும் மண்ணையும் தண்ணீரோடு ஓடவிடுவார்களாம். மற்றதெல்லாம் ஓடிவிடும், வைரம் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். உன் காதிலும் அதேதான் நடக்கிறது. தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெய், முகத்துக் கிரீம், பணியாரம் சுடும்போது வரும் எண்ணெய்ப் புகை எல்லாம் போய் அங்கே உட்கார்ந்துகொள்கின்றன. அதுவும் பின்பக்கத்தில்தான் அதிகம்.

ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. தோட்டையும் திருகாணியையும் பத்துப் பதினைந்து நிமிஷம் ஊற வை. குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ்ஷால் பின்பக்க ஓட்டைகளில் முதலில் தேய், அழுத்தாதே. இன்னொரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர் வைத்து அதில் அலசு. குழாயடியில் அலசினால் திருகாணி எங்கே போயிற்று என்று குழாயைக் கழற்ற ஆள் தேட வேண்டி வரும். இங்கே நாங்கள் பூந்திக்கொட்டையைக் கொட்டை நீக்கி ராத்திரியே ஊற வைத்து, காலையில் அந்த நுரையில் கழுவுவோம். நீ சின்னப் பிள்ளையில் அந்த நுரையை அள்ளி வளவு முழுக்க ஊதி, அப்பத்தாளிடம் திட்டு வாங்குவாய். அங்கே அதைத் தேடி அலைய வேண்டாம், சோப்புத் தண்ணீரே போதும்.

கழுவுவதற்கு முன்னால் காதோரம் வைத்து லேசாக ஆட்டிப் பார். கலகலவென்று சத்தம் கேட்டால் கல் ஆடுகிறது. அதை அப்படியே துணியில் சுற்றி நகைக்கடைக்குக் கொண்டு போ. மெஷினில் நொடிக்குச் சுமார் 40,000 தடவை அதிர்வு. ஆடும் கல் அதில் நிற்குமா?

மரகத மோதிரம் இன்னொரு கதை. மரகதத்தில் இயற்கையாகவே உள்ளுக்குள் பிளவுகள் இருக்கும். அது தெரியாமல் இருக்கப் பட்டை தீட்டிய பிறகு எண்ணெய் ஏற்றுவது உலக வழக்கம், ஏமாற்று ஒன்றும் இல்லை. சுடுதண்ணீரும் நீராவியும் இந்த மெஷினும் அந்த எண்ணெயை வெளியே இழுத்துவிடும். என் மோதிரத்தைப் பாலிஷ் போடக் கொடுத்த ஒரு கடையில் நீராவி காட்டிவிட்டார்கள். திரும்பி வந்தபோது கல்லுக்குள் வெள்ளை வெள்ளையாக நரம்பு ஓடியது. கேட்டதற்கு, "முன்னாலேயே இப்படித்தான் இருந்தது ஆச்சி" என்றார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. மறுபடி எண்ணெய் ஏற்றிய பிறகுதான் பழைய பச்சை வந்தது. நீ ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

முத்து மாலைக்குப் புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் ஆகாது. பள்ளிக்கூடத்தில் முட்டை ஓட்டை வினிகரில் போட்டுக் குமிழி குமிழியாகக் கரைவதைக் காட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? முத்தும் பவளமும் அதே சுண்ணாம்பு வகைதான். பூந்திக்கொட்டைத் தண்ணீரிலும் கொஞ்சம் புளிப்பு உண்டு, அதனால் அதுவும் வேண்டாம். வேர்வைகூட முத்துக்குப் பிடிக்காது. அதனால்தான் அலங்காரம், சென்ட் எல்லாம் முடித்துக் கடைசியில் முத்தைப் போடச் சொல்வேன். வந்ததும் அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும். கழற்றியதும் ஒரு துணியால் துடைத்துப் படுக்க வை. நூல் நனைந்திருக்கும்போது தொங்கவிட்டால் நீண்டுபோகும்.

டூத்பேஸ்ட், சமையல் சோடா என்று யாராவது சொன்னால் கேட்காதே. இரண்டும் நறநறவென்று உரசும், தங்கத்தில் மெல்லிய கீறல் விழும். பிளீச்சிங் இருக்கும் கழுவும் மருந்து, நீச்சல் குளத்துத் தண்ணீர் எல்லாம் தங்கத்தோடு கலந்திருக்கும் செம்பையும் வெள்ளியையும் அரிக்கும், பற்றவைத்த இடம்தான் முதலில் விட்டுப்போகும். மாப்பிள்ளை தாய்லாந்தில் மலிவாக வாங்கிக் கொடுத்த பெரிய சிவப்புக்கல் மோதிரத்தை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த விலைக்கு அவ்வளவு பெரிய மாணிக்கம் என்றால் பிளவில் கண்ணாடி நிரப்பியதாக இருக்கலாம். அப்படியானால் எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரித்துப்போகும். எலுமிச்சம்பழச் சாதம் பிசையும்போது கழற்றி வைத்துவிடு. அவரிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் அள்ளிப் போடாதே. வைரம் பக்கத்தில் இருக்கும் எதையும் கீறும். ஒவ்வொன்றையும் தனித்தனித் துணிப் பையில் வை. உன் கல்யாணத் தாலியான கழுத்துரு இங்கே லாக்கரில் பத்திரமாக இருக்கிறது, அதைப் பற்றி யோசிக்காதே.

மெஷினைத் திருப்பிக் கொடுக்க முடியுமானால் கொடுத்துவிடு. முடியாதென்றால் கல் இல்லாத தங்கச் சங்கிலி, வளையல், மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடி எல்லாம் அதில் போடலாம். பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு நகையையும் கவிழ்த்து வைத்துப் பின்பக்கம் தெரியும்படி படம் எடுத்து இன்றைக்கே அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும் வரை தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்காதே.

அம்மா