ஹீமோகுளோபினோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவப் பக்கத்தில் வந்த ரத்தசோகைக் கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் கடைசியில் இரும்புச்சத்து மாத்திரை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற மாதிரி முடித்திருப்பதுதான் உறுத்துகிறது. நான் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதுமே ஹீமோகுளோபின் வரியில் விரலை வைத்து "குறைவா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, மீதியைப் படிக்காமலேயே தாளை மடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது பொதுவான கணக்கு. சரி, குறைவு என்று தெரிந்துவிட்டது. ஏன் குறைந்தது என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது.

அதே தாளில் கொஞ்சம் கீழே எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். சிவப்பணுவின் சராசரிப் பருமன் அது, 80 முதல் 100 வரை இருந்தால் சரியான அளவு. 80க்குக் கீழே என்றால் முதலில் இரும்புச்சத்துக் குறைவைத்தான் நினைப்பார்கள், ஆனால் பெற்றோரிடமிருந்து வரும் தலசீமியா மைனரிலும் (ஹீமோகுளோபின் உருவாவதில் உள்ள மரபுக் குறையின் லேசான வகை) அணுக்கள் இப்படித்தான் சிறுத்திருக்கும். இரும்பு குறைந்தால் சிவப்பணுக்களின் எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும். தலசீமியா மைனரில் அணு சிறியதாக இருந்தும் எண்ணிக்கை குறையாது, சிலருக்குக் கூடுதலாகவே இருக்கும். சந்தேகம் வந்தால் உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்க வேண்டும் (உடம்பில் தொற்றோ அழற்சியோ இருந்தால் அது பொய்யாக உயர்ந்து காட்டும், அதையும் மனதில் வைக்க வேண்டும்), அப்புறம் தலசீமியாவைக் கண்டுபிடிக்க உதவும் ஹீமோகுளோபின் ஏ2. இதைப் பார்க்காமல் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கி "எனக்கு மட்டும் ஏறவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. கணவன் மனைவி இருவருக்குமே பீட்டா தலசீமியா மைனர் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது, அதனால் குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே இது தெரிந்தாக வேண்டும்.

இரும்புக் குறைவுதான் என்று உறுதியானாலும் அந்த இரும்பு எங்கே போனது என்று கேட்க வேண்டும். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு என்றால் காரணம் ஓரளவு புரியும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வந்தால் வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்: வலி மாத்திரையால் வந்த புண்ணாக இருக்கலாம், குடல் புற்றுநோயாகவும் இருக்கலாம். எண்டோஸ்கோபிக்குப் பயந்துகொண்டு மாத்திரையை மட்டும் சாப்பிட்டால் எண் ஏறும், கசிவு தொடரும்.

எம்.சி.வி. 100ஐத் தாண்டினால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவு இருக்கலாம். மது, கல்லீரல் கோளாறு, தைராய்டு குறைவாலும் இப்படி ஆகும். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். கால் மரத்துப்போவதைச் சர்க்கரை நோயின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள், ஆனால் சர்க்கரைக்கு நீண்டகாலம் எடுக்கும் மெட்ஃபார்மினே பி12ஐக் குறைக்கக்கூடியது. உணவிலிருந்து பி12ஐ உறிஞ்சவே முடியாதவர்களுக்கு ஊசியோ அதிக அளவு மாத்திரையோ தொடர்ந்து தேவைப்படும்.

எம்.சி.வி. சரியாக இருந்தும் ரத்தசோகை என்றால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே சுரந்து சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் குறைந்தால் எலும்பு மஜ்ஜை மந்தமாகிவிடும், அதற்கு ஊசி இருக்கிறது. இரும்பும் பி12ம் சேர்ந்து குறைந்தாலும் சராசரி சரியாகத் தெரியும். கண் மஞ்சளாகி ரத்தசோகையும் இருந்தால் அணுக்கள் உடைகின்றனவா என்று பார்க்க வேண்டும், வெள்ளணுவும் தட்டணுவும் சேர்ந்தே சரிந்திருந்தால் தாமதிக்காமல் ரத்தவியல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மாத்திரை பற்றியும் ஒன்று. இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்கினால் சரியாக உறிஞ்சாது. மலம் கறுப்பாகப் போவது வழக்கம்தான், ஆனால் தார் மாதிரிப் பிசுபிசுப்பாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று கேளுங்கள், பலருக்கு அது ஒத்துவரும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் கையிருப்பு நிரம்ப ஏறக்குறைய மூன்று மாதம் தொடர வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த முறை இந்தத் தலைப்பில் கட்டுரை போடும்போது ஒரு மாதிரி ரிப்போர்ட்டையும் அச்சிட்டு, எந்த வரியை எதோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று காட்டினால் உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
பரிசோதனைக்கூட ஊழியர் ஒருவர்